நின்றதா, நிறுத்தப்பட்டதா? நடுவயதுப் பெண்களைப் பற்றிய மருத்துவ ஆய்வும் அதன் கணக்கில் வராதவர்களும்

1975ஆம் ஆண்டு மார்ஷா ஃபிளின்ட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் சிறு கட்டுரை ஒன்றை வெளியிட்டார். மாதவிடாய் நிற்பதைப் பற்றிய உலக ஆய்வு நூல்களில் இந்தியாவுக்கு ஓர் இடம் கிடைத்தது அக்கட்டுரையால்தான் எனலாம். ராஜஸ்தானிலும் இமாசலப் பிரதேசத்திலும் 483 பெண்களிடம் அவர் விசாரித்திருந்தார். மாதவிடாய்ச் சுழற்சியில் ஏற்பட்ட மாறுதலைத் தவிர வேறு தொல்லைகளைச் சொன்னவர்கள் அவர்களுள் மிகச் சிலரே. மனச்சோர்வோ, தலைச்சுற்றலோ, வேலை செய்ய இயலாமல் முடங்கிப்போன நிலையோ அவருக்குத் தென்படவில்லை. அதற்கு அவர் ஒரு சமூகக் காரணத்தையும் கண்டார். மாதவிடாய் நின்றதும் அப்பெண்கள் முக்காட்டையும் வீட்டின் உட்கட்டையும் விட்டு வெளியே வரலாம். ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில் அமர்ந்து பேசலாம், அவர்களோடு குடிக்கவும் செய்யலாம். அமெரிக்கப் பெண்ணுக்கு இளமை பறிபோகும் தண்டனையாக வந்து சேர்வது, இங்கே ஒரு பரிசாக வருகிறது என்பது அவருடைய முடிவு.

சுவையான ஆய்வுதான். ஆனால் அந்த 483 பேரும் ராஜபுத்திரப் பெண்கள். ஃபிளின்ட் இதை மறைக்கவில்லை. கட்டுரையில் தெளிவாகவே குறிப்பிட்டிருக்கிறார். அவரை மேற்கோள் காட்டிய பிற்காலத்தவர்களின் கையில்தான் ராஜபுத்திரப் பெண்கள் இந்தியப் பெண்களாக மாறிப்போனார்கள். நிலவுடைமைச் சாதி ஒன்றின் உட்கட்டில் அடைபட்டிருந்தவளுக்கு ஐம்பது வயதை ஒட்டிக் கதவு திறப்பது விடுதலையாக இருந்திருக்கலாம். அதே ஊரின் சேரியில் வாழ்ந்தவளுக்குப் பூட்டிய கதவு என்று ஒன்று இருந்ததே இல்லை. பருவமெய்திய மறுவாரமும் பிள்ளை பெற்ற மறுமாதமும் அவள் களத்திலும் வயலிலும் நின்றாள். மாதவிடாய்த் தீட்டு நின்ற பின்னும் சாதித் தீட்டு நிற்காத ஒருத்திக்கு எந்தப் பரிசு காத்திருந்தது என்று கேட்க அங்கே யாரும் போகவில்லை.

யாரிடம் கேட்கப்பட்டது, யார் வாசலிலேயே விலக்கப்பட்டார், ஒருவரிடம் கண்டது யார்மீது பொருத்தப்பட்டது என்னும் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு, கடந்த அரை நூற்றாண்டின் மாதவிடாய் நிறுத்த ஆய்வுகளைப் பார்க்கலாம்.

உடலுக்குள் நடப்பது

பெண் குழந்தை பிறக்கும்போது அதன் இரு சூலகங்களிலும் சேர்ந்து பத்து முதல் இருபது இலட்சம் வரையிலான முட்டைக் கருக்கள் உள்ளன. பருவமெய்தும்போது மூன்று நான்கு இலட்சம் எஞ்சியிருக்கும். நாற்பதுகளில் அக்கையிருப்பு தீரத் தொடங்கும்போது, சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் ஏறி இறங்கி அலைக்கழிகிறது, பிறகுதான் தாழ்கிறது. அலைக்கழியும் இக்காலம் நான்கைந்து ஆண்டுகள் நீடிக்கக்கூடும். மாதவிடாய் தள்ளிப்போவதும், வந்தால் பெருக்கெடுத்து வருவதும் பெரும்பாலும் இக்காலத்தில்தான். தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் வராதிருந்தால் மாதவிடாய் நின்றுவிட்டதாக மருத்துவம் கொள்கிறது. 45 வயதுக்கு முன் நிற்பது முன்கூட்டிய நிறுத்தம். 40க்கு முன் நிற்பது தனிக் கவனிப்பும் சிகிச்சையும் தேவைப்படும் நிலை.

நம் பெண்கள் ‘அனல் அடிக்கிறது’ என்றும் ‘உடம்பு கொதிக்கிறது’ என்றும் சொல்வது வெறும் மனப்பிரமை எனப் பல காலம் ஒதுக்கப்பட்டது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸில், ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் ஒருவகை நரம்பணுக்கள் பருத்து மிகையாக இயங்குவதை அரிசோனா பல்கலைக்கழகத்தின் நவோமி ரேன்ஸ் பல்லாண்டு ஆய்வில் காட்டினார். உடல் வெப்பத்தை ஒரு குறுகிய எல்லைக்குள் காக்கும் ஏற்பாடு இதனால் குலைகிறது. சிறிது வெப்பம் கூடினாலும் உடல் அதைப் பெருவெப்பமாகக் கருதி, தோலுக்கு இரத்தத்தைப் பாய்ச்சி வியர்வையைக் கொட்டுகிறது. அந்நரம்பணுக்களின் சமிக்ஞையைத் தடுக்கும் ஃபெசோலினெடன்ட் என்னும் ஹார்மோன் அல்லாத மருந்துக்கு 2023 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. மனப்பிரமைக்கு நரம்பணு இருப்பதில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

அனல் அடிப்பது கண்ணுக்குத் தெரியும் தொல்லை. தெரியாதவை வேறு. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தியில் 20 விழுக்காடு வரை குறையக்கூடும். அதுவரை ஆண்களைவிடப் பெண்களுக்குக் குறைவாக இருந்த மாரடைப்பு வாய்ப்பு கூடத் தொடங்குகிறது. மேற்குலகில் இயற்கையாக மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51 என்றால், இந்திய மாதவிடாய் நிறுத்தச் சங்கத்தின் நாடு தழுவிய ஆய்வு இங்கே அதனை 46.2 என்று கண்டது. ஐந்தாண்டு வேறுபாடு சிறிதன்று. எலும்பும் இதயமும் ஐந்தாண்டு முன்னதாகவே காவலை இழக்கின்றன என்பது அதன் பொருள்.

செவிலியர்களின் கதை

1942இல் அமெரிக்காவில் பிரிமாரின் என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜன் அது. 1966இல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர், மாதவிடாய் நிற்பது ஒரு குறைபாட்டு நோய், ஈஸ்ட்ரோஜன் உண்டால் பெண் என்றென்றும் பெண்ணாக இருக்கலாம் என்று புத்தகம் எழுதினார். அவருக்கு மருந்து நிறுவனத்தின் பணம் கிடைத்திருந்தது பிற்பாடு தெரியவந்தது. 1975இல், ஈஸ்ட்ரோஜனைத் தனியே உண்டவர்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் கூடுவதாக ஆய்வுகள் வெளியாயின. கருப்பை உள்ளவர்களுக்கு இன்னொரு ஹார்மோனைச் சேர்த்துக் கொடுத்தால் அந்த ஆபத்து விலகும் எனக் கண்டபின் விற்பனை மறுபடி ஏறியது.

அதற்கு மருத்துவ மதிப்பைத் தந்தது 1976இல் தொடங்கிய செவிலியர் உடல்நல ஆய்வு. ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் செவிலியரைப் பின்தொடர்ந்த அவ்வாய்வில், ஹார்மோன் உண்டவர்களுக்கு இதயநோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. எனவே அனல் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் இதயத்தைக் காக்க ஹார்மோன் உண்ணுங்கள் என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கத் தொடங்கினர்.

இதில் ஒரு பிழை இருந்தது. அச்செவிலியர்களுள் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். ஹார்மோன் உண்பது, உண்ணாதது என்பதும் குலுக்கல் முறையில் அமையவில்லை. அவரவர் விருப்பப்படி அமைந்தது. தவறாமல் மருத்துவரைப் பார்க்கவும், மாத்திரையை விலை கொடுத்து வாங்கவும், நல்ல உணவு உண்ணவும் இயன்றவர்களே ஹார்மோன் உண்டவர்களாகவும் இருந்தனர். அவர்களுடைய இதயத்தைக் காத்தது மாத்திரையா, வசதியா? பிரிட்டனில் டெபி லாலர், ஜார்ஜ் டேவி ஸ்மித் முதலியோர் 2004இல் இதை நேரடியாகச் சோதித்தனர். குழந்தைப் பருவத்திலேயே வறுமையில் வளர்ந்த பெண்கள், பின்னாளில் ஹார்மோன் உண்பது குறைவாக இருந்ததை அவர்கள் கண்டனர். வாழ்நாள் முழுவதும் திரண்ட வர்க்க வேறுபாட்டை மாத்திரையின் பலன் என்று கணக்கெழுதியிருக்கக்கூடும் என்பது இதன் பொருள். புள்ளியியல் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. நம் நாட்டில் வர்க்கம் என்ற இடத்தில் சாதியையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

உண்மையைக் குலுக்கல் முறைச் சோதனைதான் வெளிக்கொணர்ந்தது. அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனத்தின் முதல் பெண் இயக்குநரான பெர்னடைன் ஹீலி 1991இல் அறிவித்த ‘பெண்கள் உடல்நல முன்முயற்சி’யில் 50 முதல் 79 வயது வரையிலான 1,61,808 பெண்கள் சேர்ந்தனர். அவர்களுள் கருப்பை உள்ள 16,608 பேர் இரு ஹார்மோன் சேர்ந்த மாத்திரையையோ வெற்று மாத்திரையையோ உண்டனர். எட்டரை ஆண்டுகள் நடக்கவேண்டிய அச்சோதனை, 2002 ஜூலையில், சராசரியாக 5.2 ஆண்டுகளிலேயே நிறுத்தப்பட்டது. ஓராண்டில் பத்தாயிரம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் 30இலிருந்து 38ஆகவும், பக்கவாதம் 21இலிருந்து 29ஆகவும், இதயநோய் 30இலிருந்து 37ஆகவும் உயர்ந்திருந்தன. இடுப்பெலும்பு முறிவு 15இலிருந்து 10ஆகக் குறைந்திருந்தது.

இவ்வெண்களை ‘மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு கூடியது’ என்றும் சொல்லலாம். ‘பத்தாயிரம் பேரில் ஆண்டுக்கு எட்டுப் பேர் கூடுதல்’ என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. நாளேடுகள் முதலாவதை எடுத்துக்கொண்டன. உலகெங்கும் பெண்கள் மாத்திரையைக் கைவிட்டனர்; ஹார்மோன் என்ற சொல்லே அச்சமூட்டுவதாயிற்று. சோதனையில் பங்குகொண்டவர்களின் சராசரி வயது 63 என்பதும், மாதவிடாய் நின்று பத்தாண்டுக்கு மேல் ஆனவர்களே அவர்களுள் மிகுதி என்பதும் செய்திகளில் அடிபட்டுப்போயின. கருப்பை நீக்கப்பட்ட 10,739 பேரிடம் ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்து நடந்த மற்றொரு சோதனை 2004இல் நிறுத்தப்பட்டது. அதில் பக்கவாதம் கூடியிருந்தது, மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. அறுபது வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் இருப்பவர்களுக்கும் தொல்லை மிகுந்தால், வேறு தடை இல்லாதபோது, ஹார்மோன் சிகிச்சையின் நன்மை தீமையை விஞ்சும் என்பதே இன்று மருத்துவச் சங்கங்களின் நிலைப்பாடு. அறுபத்து மூன்று வயதினரிடம் கண்ட ஆபத்து முப்பத்தைந்து வயதில் சூலகத்தை இழந்தவளுக்கும் பொருந்தும் என எவரும் நிறுவவில்லை. இதைக் கீழே மறுபடி பார்ப்போம்.

வாசலில் விலக்கப்பட்டவர்கள்

1990களின் நடுவில் அமெரிக்காவில் மற்றோர் ஆய்வு தொடங்கிற்று. ஆய்வுகளில் பெண்களையும் சிறுபான்மையினரையும் சேர்த்தாக வேண்டும் என்று 1993ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியிருந்த காலம் அது. ஸ்வான் என்று அழைக்கப்படும் அவ்வாய்வில், ஏழு நகர்ப் பகுதிகளில், கறுப்பினத்தவர், வெள்ளையர், ஹிஸ்பானியர், சீன வம்சத்தினர், ஜப்பானிய வம்சத்தினர் ஆகிய ஐந்து பிரிவுகளில் 42 முதல் 52 வயது வரையிலான 3,302 பெண்கள் சேர்க்கப்பட்டு ஆண்டுதோறும் பின்தொடரப்பட்டனர். 2015இல் வெளிவந்த அதன் முடிவொன்று பாடநூல்களை மாற்றியது. அனல் அடிப்பது ஓரிரு ஆண்டுகளில் ஓய்ந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. ஸ்வானில் அதன் இடைநிலைக் காலம் 7.4 ஆண்டுகள், ஜப்பானிய வம்சத்துப் பெண்களுக்கு 4.8 ஆண்டுகள், கறுப்பினப் பெண்களுக்கு 10.1 ஆண்டுகள்.

ஏன் இந்த வேறுபாடு? பிறவியிலேயே அமைந்தது என்று முடித்துவிடுவது எளிது. ஆர்லீன் ஜெரோனிமஸ் என்ற பொதுநல ஆய்வாளர் 1992இலேயே வேறொரு விளக்கத்தை முன்வைத்திருந்தார். இடைவிடாத புறக்கணிப்பும், அவமதிப்பும், அவற்றைச் சமாளிக்க உடல் எடுக்கும் முயற்சியும் சேர்ந்து உடலை வயதுக்கு முந்தி மூப்படையச் செய்கின்றன. மழையிலும் வெயிலிலும் கிடந்த மரம் நைந்துபோவது போன்ற தேய்மானம் அது என்றார். ஸ்வான் ஆய்வாளர்கள் அவமதிப்பையே அளந்தார்கள். கடையில் மரியாதையின்றி நடத்தப்படுவது, அறிவற்றவள் போலக் கருதப்படுவது போன்ற அன்றாட அனுபவங்களை ஆண்டுக்காண்டு கேட்டுப் பதிந்தனர். டெனே லூயிஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2006இல் வெளியிட்ட முடிவின்படி, நெடுங்காலம் தொடர்ந்த பாகுபாடு கறுப்பினப் பெண்களின் இதயத் தமனிகளில் சுண்ணாம்புப் படிவோடு தொடர்புற்றிருந்தது. அவமதிப்பு தமனியில் படிகிறது என்பது உருவகமாக மட்டும் இருந்த காலம் அத்துடன் முடிந்தது.

அப்படிப்பட்ட ஆய்வும் ஒரு தவறைச் செய்திருந்தது. அதைச் சொன்னவர்களும் ஸ்வானின் ஆய்வாளர்களே. ஆய்வில் சேர வேண்டுமானால் கருப்பை இருக்க வேண்டும், சூலகம் ஒன்றாவது இருக்க வேண்டும், அண்மை மாதங்களில் மாதவிடாய் வந்திருக்க வேண்டும். விதி நியாயமானதாகவே தோன்றும். ஆனால் நாற்பத்திரண்டு வயதுக்குள் மாதவிடாய் நின்றுபோனவளும், அறுவையில் கருப்பையை இழந்தவளும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். கறுப்பினப் பெண்களிடம் இவ்விரண்டும் மிகுதி. ஆகவே ஆய்வுக்குள் வந்த கறுப்பினப் பெண்கள் ஒப்பீட்டளவில் உடல்நலம் வாய்த்தவர்கள்; மிகவும் நைந்துபோனவர்கள் வெளியே நின்றார்கள். அலெக்சிஸ் ரீவ்ஸும் பிறரும் இவ்விடுபாட்டைச் சரிசெய்து மறுபடி கணக்கிட்டபோது, கறுப்பினப் பெண்களுக்கு மாதவிடாய் முன்னதாகவே நிற்பதை ஆய்வின் சேர்க்கை விதிகளே மறைத்திருந்தது தெரிந்தது.

வாசலுக்கு வெளியே நின்றவர்கள் எப்படி அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதற்கு ஒரு பெயரையாவது சொல்ல வேண்டும். மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத்தில் குத்தகைக் கூலியாக இருந்து, பின்னர் குடியுரிமைப் போராட்டத்தின் தலைவர்களுள் ஒருவரான ஃபேனி லூ ஹேமர், 1961இல் கருப்பையிலிருந்த சிறு கட்டியை அகற்றச் சென்றார். அவருக்குத் தெரியாமலே கருப்பை முழுவதும் நீக்கப்பட்டது. அம்மாநிலத்துக் கறுப்பினப் பெண்களுக்கு அது வழக்கமாக நேர்வது. ‘மிசிசிப்பி குடல்வால் அறுவை’ என்று அதற்கு அவர் கசப்போடு பெயரிட்டார்.

கரும்புக் காட்டிலிருந்து

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் கரும்பு வெட்டப் புலம்பெயர்கின்றனர். தலித்துகளும் நாடோடிச் சமூகத்தாரும் பிற பிற்படுத்தப்பட்டோரும் அவர்களுள் அடக்கம். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு ‘கொய்தா’, அதாவது ஓர் அரிவாள். கூலி இருவருக்கும் சேர்த்தே எண்ணப்படும். முன்பணம் முகாதம் எனப்படும் தரகரிடமிருந்து வாங்கப்பட்டிருக்கும். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். கழிப்பறை இல்லை, குளிக்க மறைவிடம் இல்லை. இச்சூழலில் பெருக்கெடுக்கும் மாதவிடாயும் வெள்ளைப்படுதலும் வருமானத்தின் மீது நேரடி அடியாக விழுகின்றன. ‘கருப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீரும், இல்லாவிட்டால் புற்றுநோய் வந்துவிடும்’ என்று ஒரு மருத்துவர் சொன்னால் போதும். 2019இல் செய்தி வெளியாகிக் கொந்தளிப்பு எழுந்தபின், நீலம் கோர்ஹே தலைமையில் மாநில அரசு அமைத்த குழு 82,309 பெண் தொழிலாளரிடம் விசாரித்தது. 13,861 பேர் கருப்பையை இழந்திருந்தனர். ஆறில் ஒருவர்.

நாட்டளவில் பார்த்தால், நான்காம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3.2 விழுக்காட்டினர் கருப்பை நீக்கப்பட்டவர்கள் என்றும், ஐந்தாம் கணக்கெடுப்பு 3.3 விழுக்காட்டினர் என்றும் காட்டின. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அவ்வளவு ஏறக்குறைய 8 விழுக்காடு. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. அறுவை நடந்த இடைநிலை வயது 34. பள்ளிக்கூடம் போகாத பெண்களிடம் இது மிகுதி. இங்கே எச்சரிக்கை ஒன்று: எல்லா மாநிலங்களிலும் பட்டியல் சாதிப் பெண்களிடமே இது மிகுதி என்று மேடையில் முழங்கிவிட முடியாது. அருகில் மருத்துவமனையே இல்லாத பழங்குடிப் பகுதியில் விகிதம் தாழ்ந்திருக்கும். அது நல்ல செய்தி அன்று. தனியார் மருத்துவமனையும், காப்பீட்டு அட்டையும், கூலியிழப்பின் அச்சமும், கழிப்பறையின்மையும் ஓரிடத்தில் கூடும்போது விகிதம் எகிறுகிறது. அந்தக் கூட்டின் நடுவில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தால் சாதி தெரியும்.

கருப்பையோடு சூலகங்களையும் சேர்த்து எடுத்துவிடுவதுதான் இதில் மிகக் கொடியது. இயற்கையில் பல ஆண்டுகளாக மெல்லத் தாழும் ஈஸ்ட்ரோஜன் அன்று மாலைக்குள் சரிந்துவிடுகிறது. விளைவை அறிய அமெரிக்காவின் மேயோ மருத்துவ மையத்தில் வால்டர் ரோக்கா நடத்திய ஆய்வு உதவும். 1950 முதல் 1987 வரை மினசோட்டாவின் ஒரு மாவட்டத்தில் சூலகம் நீக்கப்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த அவர், 45 வயதுக்கு முன் இரு சூலகங்களையும் இழந்து ஈஸ்ட்ரோஜனும் பெறாதவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்ததை 2006இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு, நினைவாற்றல் குன்றுவதும் மறதிநோயும் இத்தகையோரிடம் மிகுதி என்பது வெளியானது. ஆகவேதான், 45 வயதுக்கு முன் சூலகத்தை இழந்த பெண்ணுக்கு, மார்பகப் புற்றுநோய் போன்ற தடை இல்லாவிட்டால், இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயது வரையிலாவது ஈஸ்ட்ரோஜன் தருவது முறை என்று வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. அது இளமையை நீட்டும் ஆடம்பரம் அன்று, பறிக்கப்பட்டதை ஈடுசெய்வது.

இப்போது அந்த 63 வயது அமெரிக்கப் பெண்களை நினைவுகொள்க. அவர்களிடம் கண்ட ஆபத்திலிருந்து பிறந்த அச்சம், கரும்புக் காட்டில் 33 வயதில் சூலகத்தை இழந்தவளின் மருந்துச் சீட்டு வரை பயணம் செய்திருக்கிறது. அவளை எந்தச் சோதனையிலும் எவரும் சேர்க்கவில்லை. ஒரு சோதனையின் முடிவால் மட்டும் அவள் பாதிக்கப்படுகிறாள். கத்தி வைக்கும்போது ஆராயப்படாத தகுதி, மாத்திரை தரும்போது மட்டும் ஆராயப்படுகிறது.

நாற்பத்தொன்பதுடன் முடியும் கணக்கு

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, நம் நாட்டில் சாதிவாரியாகப் பெண்கள் உடல்நலத்தை அறிய இருக்கும் பெரிய ஊற்று. ஆனால் அது 49 வயதுடன் பெண்ணை விட்டுவிடுகிறது. பிள்ளை பெறும் வயது முடிந்தால் அரசுக்கு அவள் உடலில் அக்கறை முடிகிறது என்று இதைப் படிக்கலாம். 45 வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் இருபாலாரும் ஏறக்குறைய 72,000 பேரிடம் 2017–18இல் நடத்தப்பட்ட முதுமை பற்றிய நெடுங்கால ஆய்வு இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பியுள்ளது. சாதி பற்றிய விவரமும் கருப்பை நீக்கம் பற்றிய கேள்வியும் அதில் உண்டு. அதன் தரவுகள் ஆய்வாளர்களுக்குத் திறந்தே இருக்கின்றன. ஆய்வுத் தலைப்புத் தேடும் முதுகலை மாணவர்கள் கவனிக்கலாம்.

எண்களைக் கையாளும்போது நாமும் கவனமாக இருக்க வேண்டும். தலித் பெண் உயர்சாதிப் பெண்ணைவிட 14.6 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறாள் என்ற எண் 2018இல் ஐ.நா. பெண்கள் அமைப்பின் அறிக்கைக்குப் பின் பரவலாயிற்று. 39.5, 54.1 என்பவை இறந்தவர்களின் சராசரி வயதுகளே தவிர, ஆயுள் எதிர்பார்ப்பு அல்ல. ஒரு சமூகத்தில் குழந்தைகளும் இளையோரும் மிகுந்திருந்தாலே அச்சராசரி தாழும். சங்கீதா வியாஸும் பிறரும் ஒன்பது மாநிலங்களின் தரவைக் கொண்டு 2022இல் வெளியிட்ட கணக்கு உறுதியானது. அதன்படி தலித்துகளின் ஆயுள் எதிர்பார்ப்பு உயர்சாதி இந்துக்களைவிட மூன்றாண்டுக்கும் மேல் குறைவு. ஆதிவாசிகளுக்கு நான்காண்டுக்கும் மேல். மூன்றாண்டு என்பதே போதுமான குற்றப்பத்திரிகை. அதைப் பதினான்காகச் சொன்னால் எதிராளிக்குத்தான் வசதி.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், பெண்ணின் உடல் படும் பாட்டுக்குரிய செலவில் அவள் உழைப்பால் இலாபமடையும் முதலாளிக்கும் பொறுப்பு உண்டு என்று வாதிட்டார். அந்த வாதத்தை மகப்பேற்றோடு நிறுத்த வேண்டிய தேவை எதுவுமில்லை. வெயிலில் நடவு நடுபவளுக்கும், உறையும் காலணியும் மாட்டிக்கொண்டு தெருக்குப்பை அள்ளுபவளுக்கும், அனல் அடிக்கும் ஐந்து நிமிடம் நிழலும் நீரும் கிடைப்பது பணியிட உரிமையாகப் பேசப்பட வேண்டியதாகும். மாதவிடாய் நிறுத்தம் பற்றிய பணியிடக் கொள்கைகளெல்லாம் இன்றுவரை குளிரூட்டிய அலுவலகங்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன.

சட்டம் ஓரளவு கை கொடுத்திருக்கிறது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்த தேவையற்ற கருப்பை நீக்கங்களை எதிர்த்து மருத்துவர் நரேந்திர குப்தா 2013இல் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 5 அன்று தீர்ப்பளித்தது. ஒன்றிய அரசு 2022இல் வகுத்த வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும். மாவட்ட, மாநில, தேசிய அளவில் கருப்பை நீக்கக் கண்காணிப்புக் குழுக்கள் இயங்க வேண்டும். தேவையின்றியோ, உண்மையை எடுத்துச் சொல்லிப் பெற்ற ஒப்புதலின்றியோ அறுவை செய்யும் மருத்துவமனைகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றது. உங்கள் மாவட்டத்தில் அக்குழு எப்போது கூடியது, எத்தனை அறுவைகள் அதன் முன் வந்தன, அவர்களுள் நாற்பது வயதுக்கு உட்பட்டோர் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம்.

மனுவுக்கு முன், ஊரில் கேட்க வேண்டியவையும் உண்டு. உடல்நலக் கணக்கெடுப்புக்குப் போகும் தோழர்கள் ‘மாதவிடாய் நின்றுவிட்டதா?’ என்று கேட்டு, ‘ஆம்’ என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நின்றதா, நிறுத்தப்பட்டதா என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். நிறுத்தப்பட்டது என்றால், எத்தனை வயதில், என்ன காரணம் சொல்லி. அதற்குமுன் ஸ்கேனும் திசுச் சோதனையும் செய்தார்களா. இரத்தப்போக்கை மாத்திரையாலோ, ஹார்மோன் கொண்ட கருப்பைச் சாதனத்தாலோ கட்டுப்படுத்திப் பார்த்தார்களா. செலவுக்கு யாரிடம் கடன் வாங்கினார்கள் என்று கேட்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில், அலமாரியிலோ பெட்டியின் அடியிலோ, நெகிழிப் பையில் மடித்து வைத்த மருத்துவமனை விடுவிப்புச் சீட்டு இருக்கும். சூலகங்கள் விடப்பட்டனவா, எடுக்கப்பட்டனவா என்பது அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதைப் படித்து அவருக்குச் சொல்ல வேண்டும். எடுக்கப்பட்டிருந்தால், அரசு மருத்துவமனை மகப்பேறு மருத்துவரிடம் அந்தச் சீட்டோடு அழைத்துச் சென்று எலும்பு, இரத்த அழுத்தம், ஈஸ்ட்ரோஜன் மூன்றையும் பற்றிக் கேட்க வேண்டும். சீட்டில் சூலகம் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், மருத்துவமனையின் பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மாவட்டக் குழுவுக்கு எழுதும் மனுவின் முதல் பத்தி அதுதான்.